கோப்புக்கு உடனிருப்பவர்

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். முன்பின்னாக எழுதினால் இந்த மருத்துவமனையில் அதற்கும் ஒரு படிவம் இருக்கும்.

என் மனைவிக்குப் பித்தப்பையில் கல். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அறுவைச் சிகிச்சை என்று நாள் கொடுத்தார்கள். அதை விட்டால் அடுத்த தேதி நான்கு மாதம் கழித்துத்தான். கல் நான்கு மாதம் பொறுக்காது என்று ஸ்கேன் எடுத்தவர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காலை மயக்க மருத்துவர் அவளைப் பரிசோதித்தார். இதற்கு முன் எப்போதாவது மயக்க மருந்து கொடுத்தார்களா என்று கேட்டார்.

"இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி இதே ஆஸ்பத்திரியில ஒரு கட்டி எடுத்தாங்க டாக்டர்," என்றாள் மனைவி. "ஏதோ ஒரு மருந்து சேரல. நாலு நிமிஷம் மூச்சு நின்னு போச்சாம். இவர் வெளியில பேப்பர் படிச்சிட்டு இருந்தாரு."

"என்ன மருந்து?"

"நான் மயக்கத்துல இருந்தேனே."

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் என்பது ஏற்கெனவே பதிவாகிவிட்டது.

அவர் தன் கணினியை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். 'முந்தைய மயக்க மருந்து விவரம்' என்று ஒரு கட்டம். சிவப்பாக இருந்தது. "இதை நான் நிரப்ப முடியாது. ஆவணப் பிரிவுலேருந்து ஃபைல் வந்தா தானா நிரம்பும். நிரம்பலைன்னா லிஸ்ட்ல பேரு நிக்காது. நின்னாலும் நான் ஊசி போட மாட்டேன். எந்த மருந்துன்னு அந்தப் பழைய ஃபைல்ல என் கண்ணால பாக்கணும். ஒரே மாதிரி பேர்ல நாலு மருந்து இருக்கு."

அவர் சொன்னதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

ஆவணப் பிரிவு தரைத்தளத்தின் கடைசியில் இருந்தது. நீளமான ஓர் அறை, நடுவில் ஒரு மேஜை. மேஜை மேல் இரண்டு கணினிகள். ஒன்று பழையது, வெள்ளையாகப் பிறந்து பழுப்பாகிவிட்டது. மற்றது புதியது, மேலே சுற்றி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூடக் கழற்றவில்லை. இரண்டுக்கும் இடையே ஒரு சாண் தூரம். மேஜைக்குப் பின்னால் மேற்பார்வையாளர் உட்கார்ந்திருந்தார்.

"பதினஞ்சு வருஷத்துக்கு முந்தினதெல்லாம் பழசுல இருக்கு," என்றார். "மேல டாக்டருங்க பாக்கறது புதுசுல இருக்கு."

"ரெண்டுக்கும் நடுவுல?"

"மேஜை இருக்கு."

பழைய கணினியை ஆறு வருடமாக யாரும் முடுக்கவில்லையாம். அதை முடுக்கத் தெரிந்தவர் ஓய்வு பெற்றுப் போனபோது அதுவும் சேர்ந்து ஓய்வு பெற்றுவிட்டது. நான் இருபது வருடம் தட்டச்சுக் கடை வைத்திருந்தவன். மனு, விண்ணப்பம், ஒப்பந்தம் எல்லாம் இதே இனத்து இயந்திரத்தில் அடித்துக் கொடுத்திருக்கிறேன். பார்க்கட்டுமா என்று கேட்டேன். பாருங்கள் என்றார். மூடியைக் கழற்றித் தூசியை ஊதினேன். ஒரு பென்சில் அழிப்பான் வாங்கி இணைப்புத் தகடுகளைத் தேய்த்தேன். உள்ளே இருந்த சிறு மின்கலம் செத்துப்போனதால் அது மறந்துவிட்ட சேமிப்பு வட்டின் அளவை நானே அதற்குத் தட்டிச் சொன்னேன். இருமி, முனகி, எழுந்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். பதினோரு நிமிடத்தில் என் மனைவியின் கோப்பு கிடைத்தது. மருந்தின் பெயர், அளவு, மூச்சு நின்ற நேரம், திரும்பிய நேரம், எல்லாம் இருந்தன. ஒரு சீட்டில் எழுதிக்கொண்டேன்.

"பாத்துட்டீங்களா? நல்லது," என்றார் மேற்பார்வையாளர். "ஆனா நீங்க பாத்தது தகவல். மேல போக வேண்டியது ஆவணம்."

"அதுக்கென்ன சார், வீட்டுல என்கிட்ட ஒரு கேபிள் இருக்கு. பழசோட ஒன்பது முள் துளையில ஒரு முனை. மறுமுனையில ஒரு மாற்றுத் துண்டு போட்டா புதுசுல மாட்டலாம். ஏழு வினாடியில போயிடும்."

அவர் சிரித்தார். தீக்குச்சி கேட்கும் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பது போன்ற சிரிப்பு.

"இந்த ஆஸ்பத்திரியில ஒரு இடத்திலேருந்து இன்னொரு இடத்துக்கு எது போனாலும் பதினாலாம் படிவத்துலதான் போகும். நோயாளி இடமாற்றப் படிவம். வேற படிவம் கிடையாது. போன வருஷம் ஒரு நாற்காலி மூணாம் மாடிக்குப் போச்சு. ரத்த வகை என்னன்னு கேட்டாங்க. கொடுத்தோம். முப்பது வருஷமா இந்தப் பிரிவுல ஒரு படிவம் தொலைஞ்சதில்ல. நோயாளிங்க தொலைஞ்சிருக்காங்க. நான் மறைக்கல."

படிவத்தை என் முன் வைத்தார். நோயாளி பெயர்: பழைய கணினி. வயது: இருபத்தெட்டு. பால் என்ற இடத்தில் கோடு போட்டேன். கோடு போட்ட நோயாளியை வார்டில் எந்தப் பக்கம் படுக்க வைப்பது என்று கேட்டார். ஆண் என்று எழுதினேன். எடை தெரியவில்லை. தள்ளுவண்டிக்காரரைக் கூப்பிட்டுக் கணினியைப் படுக்கையில் கிடத்தி எடை பார்க்க அனுப்பினார்கள். திரையும் சேர்த்து இருபத்தாறு கிலோ நானூறு கிராம். எடை பார்த்த செவிலியர், வயதுக்கு எடை மிகக் குறைவு, ஊட்டம் தேவை என்று குறித்தார். அழுத்தம் என்ற கட்டத்துக்கு மின்பணியாளர் வந்து கருவியை வைத்துப் பார்த்து இருநூற்று முப்பது என்று சொன்னார். எழுதினோம். இருநூற்று முப்பதைப் பார்த்ததும் செவிலியர் முகம் மாறிவிட்டது. படிவத்தின் மூலையில் 'அவசரம்' என்று சிவப்பு மையில் எழுதினார். அதனால்தான் மறுநாளே பொது மருத்துவர் வந்து பார்த்தார். இல்லாவிட்டால் ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

கடைசிக் கட்டம்: உடனிருப்பவர்.

"எழுப்பினது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீங்கதான்."

மஞ்சள் அட்டை ஒன்று கொடுத்தார்கள். நோயாளியைத் தனியே விடக்கூடாது. மாற்று ஆள் வந்தால்தான் போகலாம். மாற்று ஆளுக்கு நோயாளியைக் கவனிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. எதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று இருபது வருடம் ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். படிக்காமல் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை என் மனைவியை மூன்றாம் மாடியில் சேர்த்தார்கள். கூட இருக்கலாம் என்று படியேறிப் போனேன். வாசல் காவலர் மஞ்சள் அட்டையைப் புரட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கு ஏற்கெனவே கீழ ஒரு நோயாளி இருக்கே."

"அது கம்ப்யூட்டருங்க. இங்க இருக்கறது என் மனைவி."

"இருக்கலாங்க. ஒரு ஆளுக்கு ஒரு நோயாளிதான். கீழ இருக்கறவரைத் தனியா விட்டுட்டா வந்தீங்க?" அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. ஆளனுப்பி என்னைக் கீழே கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் எனக்கே குற்றவுணர்வாக இருந்தது.

மனைவிக்குத் துணையாக அவள் தங்கை போனாள். மனைவி என்னைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"கீழதான். ஃபைல் பக்கத்துல."

"கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்துல என் பக்கத்துல இப்படி ஒரு நாள் முழுக்க உக்காந்திருக்கீங்களா?"

"உனக்காகத்தான் உக்காந்திருக்கேன்."

"அப்படித்தான் சொல்லுவாங்க," என்றாள். பின்னால் அவள் தங்கை சிரிப்பது கேட்டது.

அன்று நண்பகல் பொது மருத்துவர் வந்தார். கணினியின் விசிறி இருக்கும் பக்கம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இரைச்சல் இருக்கே. எத்தனை நாளா?"

"தெரியல டாக்டர். ஆறு வருஷமா அசைவில்லாம இருந்தது. நேத்துதான் எழுந்தது."

அவர் கண்ணைத் திறந்தார். எழுதினார். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். 'ஆறு ஆண்டுகள் நினைவின்றி இருந்து நேற்று மீண்டவர். எழுபத்திரண்டு மணி நேரம் கண்காணிப்பில் வைக்கவும். அதுவரை இடமாற்றம் கூடாது.'

செவ்வாய் நண்பகலிலிருந்து எழுபத்திரண்டு மணி நேரத்தைக் கூட்டினேன். வெள்ளி நண்பகல். அறுவை ஒன்பது மணிக்கு. மறுபடியும் கூட்டினேன். அதேதான் வந்தது.

புதிய கணினியை நானே திறந்துகொள்ளலாமா என்றும் பார்த்தேன். எதையும் மறைப்பதற்கில்லை. அதன் கடவுச்சொல்லில் முதல் பாதி மேற்பார்வையாளருக்குத் தெரியும். பின் பாதி தகவல் பிரிவு அதிகாரிக்குத் தெரியும். பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இருவரும் எட்டு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. அது பாதுகாப்பை இன்னும் கூட்டியிருப்பதாக மேற்பார்வையாளர் சொன்னார்.

புதன்கிழமை மயக்க மருத்துவரே இறங்கி வந்துவிட்டார். ஃபைல் வராவிட்டால் என்ன, திரையில் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். கீழே இருந்த காவலர் அவரை மறித்தார்.

"கண்காணிப்புல இருக்கற நோயாளிங்க டாக்டர். பார்வையாளர் நேரம் சாயங்காலம் நாலுலேருந்து அஞ்சு."

"நான் டாக்டர்ப்பா."

"இந்த நோயாளிக்கு நீங்க டாக்டர் இல்லையே. அழைப்புக் கடிதம் இருக்குதா?"

நாலிலிருந்து ஐந்து வரை அவருக்குத் தினமும் அறுவை அரங்கம். கதவின் வட்டக் கண்ணாடி வழியாக அவர் என்னைப் பார்த்தார். திரையை அவர் பக்கம் திருப்ப முயன்றேன். கம்பி எட்டவில்லை. சிறிது நேரம் நாங்கள் இருவரும் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் நின்றோம். பிறகு அவரை மேலே கூப்பிட்டார்கள்.

வியாழக்கிழமை இயக்குநர் சுற்றுப்பார்வைக்கு வந்தார். அவர் பின்னால் பன்னிரண்டு பேர். அவர்களில் நான்கு பேர் கையில் குறிப்பேடு இருந்தது. மற்றவர்கள் குறிப்பேடு வைத்திருந்தவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் எழுந்து நின்றார். நானும் நின்றேன்.

"இங்க எத்தனை நோயாளி?"

"ஒருத்தர் சார்."

"இறப்பு?"

"இல்ல சார்."

"தொற்று, படுக்கைப் புண், புகார்?"

"எதுவும் இல்ல சார்."

இயக்குநர் பன்னிரண்டு பேர் பக்கமும் திரும்பினார். "பாருங்க. முறைப்படி செஞ்சா ஏன் சாகப் போறாங்க? மேல ஏன் சாகறாங்க? அவசரம். உயிரைக் காப்பாத்தறேன்னு ஓடறாங்க. ஓடற ஓட்டத்துல கையெழுத்து விட்டுப் போகுது. உயிர் இன்னைக்கில்லன்னா நாளைக்குப் போகத்தான் போகுது; அதுக்கு யாரும் என்னைக் கேக்கப் போறதில்ல. கையெழுத்து விட்டுப்போனா தணிக்கையில நான் நிக்கணும். இந்த ஆஸ்பத்திரியை நான் எடுத்துக்கிட்டப்ப நோயாளிங்க ஒழுங்கில்லாம இருந்தாங்க. நினைச்ச நேரத்துல வலின்னாங்க. இந்த நோயாளியைப் பாருங்க. ஒரு சத்தம் இல்ல. இதுதான் நம்ம முன்மாதிரி வார்டு."

நான்கு குறிப்பேடுகளிலும் எழுதினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு, என் மனைவிக்கு நாளைக் காலை ஒன்பது மணிக்கு அறுவை, அதற்கு இந்தக் கோப்பு மேலே போக வேண்டும், கேபிள் தயாராக இருக்கிறது, ஏழு வினாடி போதும் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டார். அதை நான் சொல்லத்தான் வேண்டும்.

"நீங்க யாரு?"

"உடனிருப்பவர் சார்."

"நோயாளிக்கு என்ன கொடுக்கறாங்க?"

"ஒண்ணும் கொடுக்கலைங்க."

அவர் முகம் சிவந்தது. "எடை குறைவுன்னு எழுதியிருக்கு. ஒண்ணும் கொடுக்கலையா?" அன்று மாலையிலிருந்து காலையும் மாலையும் ஒரு குவளைப் பால் வந்தது. குவளை காலியாகத் திரும்பாவிட்டால் செவிலியர் விளக்கம் எழுத வேண்டும். நானே குடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பால் கொண்டுவந்த தள்ளுவண்டிக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"அண்ணே, இங்கேருந்து ஒரு நோயாளி சீக்கிரமா வெளிய போக ரெண்டே வழிதான். ஒண்ணை நான் சொல்ல மாட்டேன். இன்னொண்ணு, சொந்தப் பொறுப்புல கூட்டிட்டுப் போறேன்னு எழுதிக் கொடுக்கறது. டாக்டர் வேணாம்னு சொன்னாலும் உடனிருக்கறவர் எழுதிக் கொடுத்தா விட்டாகணும்."

மேற்பார்வையாளருக்கு மனசே இல்லை. "நல்லா தேறி வர்ற நேரத்துல இப்படிச் செய்யலாமா? வழியில ஏதாவது ஆச்சுன்னா நாங்க பொறுப்பில்ல," என்று மூன்று முறை சொல்லி, மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். தள்ளுவண்டிக்காரர் கணினியைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, விழாமல் இருக்க இடுப்பில் ஒரு துண்டைக் கட்டினார். திரையை மடியில் வைத்தார். படிவச் சீட்டுகளைக் கோத்துக் கழுத்தில் மாட்டினார்.

"வாசலுக்கா?"

"மூணாம் மாடிக்கு. அறுவை அரங்கம்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "எனக்கென்ன, தள்ளறதுதான் என் வேலை," என்றார்.

யாரும் எங்களைத் தடுக்கவில்லை. மின்தூக்கியில் இருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அரங்க வாசலில் ஒரு தள்ளுபடுக்கையில் என் மனைவி பச்சை உடுப்பில் படுத்திருந்தாள். கட்டம் சிவப்பாகவே இருப்பதால் அவளை நிறுத்தி வைத்திருந்தார்கள். வாசல் செவிலியர் கணினியின் கழுத்துச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பெயர், வயது, எடை, அழுத்தம், மருத்துவர் குறிப்பு, உடனிருப்பவர் கையெழுத்து.

"கீழேருந்து இவ்வளவு சரியா ஒரு கேஸ் வந்து நான் பாத்ததேயில்ல," என்றார். "ஒன்பது மணி இடம் காலியாத்தான் இருக்கு. உள்ள கொண்டு போங்க."

"எனக்கு முன்னாடி இதுவா?" என்றாள் என் மனைவி.

"அவருக்கு எல்லாப் பேப்பரும் இருக்கும்மா," என்றார் செவிலியர்.

உள்ளே மயக்க மருத்துவர் எங்களைப் பார்த்ததும் சுவரில் இருந்த மின்துளையைக் காட்டினார். நான் கணினியை எழுப்பினேன். இருமியது, முனகியது, பச்சை எழுத்துகள் வந்தன. அவர் குனிந்து படித்தார். மருந்தின் பெயர் இருந்த வரியில் விரலை வைத்துக்கொண்டே இன்னொரு முறை படித்தார். பிறகு தன் தட்டில் தயாராக இருந்த ஓர் ஊசியை எடுத்துத் தனியே வைத்தார்.

"இதைத்தான் இன்னைக்குக் கொடுக்கறதா இருந்தேன்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் கட்டத்தைப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் கையால் ஏதோ எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வெளியே போய்த் தானே என் மனைவியின் படுக்கையை உள்ளே இழுத்து வந்தார். அறுவை ஒரு மணி பத்து நிமிடம் நடந்தது. ஒன்பது கற்கள். கண் விழித்ததும் அவள் முதலில் கேட்டது: "அந்தப் பெட்டி பிழைச்சிடுச்சா?"

பிழைத்துவிட்டது. அதுதான் சிக்கல்.

அரங்கப் பதிவேட்டில் ஒன்பது மணிக்கு உள்ளே வந்தவர் பழைய கணினி என்று இருந்தது. அறுவைக்குப் போய் வந்தவரைச் சொந்தப் பொறுப்பில் விட முடியாதாம். அறுவை மருத்துவர் கையெழுத்து வேண்டும். அறுவை மருத்துவர், நான் அதைத் தொடவே இல்லை, எப்படிக் கையெழுத்துப் போடுவேன் என்றார். நியாயந்தான். ஆகவே கணினி தரைத்தளத்துக்கே திரும்பியது. உடனிருப்பவனும் திரும்பினான். என் மனைவி ஒன்பது மணிக்கு உள்ளே போனதாக எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆறாம் நாள் அவளை 'சிகிச்சைக்குக் காத்திருந்து வீடு திரும்பினார்' என்று எழுதி அனுப்பினார்கள். அவள் வயிற்றில் நான்கு தையல்கள் இருந்தன. தங்கை வந்து கூட்டிப் போனாள்.

அதன் பிறகு பத்து நாள் கழித்துப் பதினான்காம் படிவத்துக்கு ஒப்புதல் வந்தது. தகவல் பிரிவு அதிகாரி வந்து, மேற்பார்வையாளரைப் பார்க்காமலே கடவுச்சொல்லின் பின் பாதியைத் தட்டினார். பார்வையாளர் நேரத்தில் மைத்துனி கேபிளையும் மாற்றுத் துண்டையும் கொண்டுவந்திருந்தாள். இரண்டு முனையையும் மாட்டினேன். இரண்டு பக்கமும் தகவல் போகும் வேகத்தை ஒன்றாக்கினேன். ஏழு வினாடி. புதிய திரையில் கட்டம் சிவப்பிலிருந்து பச்சையானது. மேற்பார்வையாளர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஒரு கையெழுத்துகூட விட்டுப்போகல," என்றார்.

ஒரு மணி நேரம் கழித்து மனைவி அழைத்தாள்.

"ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிட்டாங்க. கட்டம் நிரம்பிடுச்சாம். வர்ற வெள்ளிக்கிழமை காலையில ஒன்பது மணிக்குப் பித்தப்பை எடுக்கணுமாம். வெறும் வயித்தோட வரணுமாம்."

"எடுத்தாச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். கம்ப்யூட்டர்ல இல்லையேம்மான்னாங்க. நீங்க எப்ப வீட்டுக்கு வர்றீங்க?"

மேற்பார்வையாளரிடம் கேட்டேன். கோப்பு இப்போது புதிய கணினிக்குப் போய்விட்டது; இனி அதுதான் நோயாளி, நான் அதற்குத்தான் உடனிருப்பவர். அதன் சிகிச்சை என்பது வெள்ளிக்கிழமை அறுவைதான். அது முடிந்ததும் கோப்பை விடுவிப்பார்கள், கோப்போடு உடனிருப்பவரும் விடுபடுவார் என்று பொறுமையாக விளக்கினார். அதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

"சரி, வர்றேன்," என்றாள். "ஆனா எதை எடுக்கப் போறாங்கன்னு முன்னாடியே கேட்டு வைங்க. எனக்கு வேண்டியதா இருந்தா தர மாட்டேன்."